தாயத்தைத் திறக்கச் சொன்ன கம்ப்யூட்டர்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடத்தைச் சொன்னால் யாராக இருந்தாலும் அடுத்து அதைத்தான் கேட்கிறார்கள்.

குற்ற வழக்குகளில் கைப்பற்றிய பொருட்களை வைக்கிற கிடங்கு அது. எந்தக் கட்டடம் என்று சொல்லப்போவதில்லை. இப்போது அதை இடித்துவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் தட்டச்சு வேலை என்று சொல்லி எடுத்து, என்னைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தார்கள். இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். கத்தி, சைக்கிள் சங்கிலி, ஒற்றைச் செருப்பு, தலையணை, யாரோ ஒருவருடைய பல் செட், பாதி எரிந்த பாய் எல்லாம் அவற்றில் இருக்கும். வழக்கு முடிந்தால் பொருள் உரியவரிடம் போகும், இல்லாவிட்டால் அழிக்கப்படும். முடியாத வழக்கு என்றால் அங்கேயே கிடக்கும். மழைக்காலத்தில் அந்தச் சாமான்களிலிருந்து ஈரத் துணி வாசனை கிளம்பும். அந்த வாசனைதான் எனக்குப் பயம். புடவையில் ஏறிக்கொண்டு குவீன்ஸ்டவுனில் எங்கள் வீடு வரைக்கும் கூடவே வரும்.

என் வீட்டுக்காரர் பெரிய பகுத்தறிவுக்காரர். காப்பிக் கடையில் உட்கார்ந்தால் கடவுளையே குறுக்கு விசாரணை செய்வார். ஆனால் நான் வேலை முடிந்து வந்தால் நேராகக் குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வரவேண்டும். அதுவரை ஒரு வார்த்தை பேச மாட்டார். துக்க வீட்டுக்குப் போய் வந்தவளை நடத்துவதுபோல் தினமும் நடத்தினார். என் அம்மா அவருக்கு ஒரு படி மேலே. நாங்கள் கத்தோலிக்கர்கள் என்பதால் கோவிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்து வந்து கதவருகில் வைத்திருந்தார். இரண்டு பேரையும் நான் வாய்க்கு வந்தபடி கேலி செய்வேன். கேலி செய்துகொண்டே குளித்துவிட்டு, தண்ணீரையும் தெளித்துக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. எங்களுக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்றே அதற்கு ஏர்கான் பூட்டினார்கள். கிடங்கில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, அது என்ன, எந்த வழக்கு, எந்த அலமாரி, யார் எடுத்தார், யார் வைத்தார் என்று எல்லாவற்றையும் அதற்குள் ஏற்ற வேண்டும். வேலைக்கு மூன்று பேர். பொறுப்பாக ஒரு சீன சார்ஜண்ட், பொருட்களை எடுத்து வந்து கொடுக்க ஒரு மலாய்க்காரக் கான்ஸ்டபிள், தட்ட நான்.

அதுவரை அந்தப் பொருட்கள் அசையாமல் கிடந்தன. நாங்கள்தான் கிளப்பிவிட்டோம். சில கைக்கடிகாரங்கள் சாவி கொடுக்காமலே ஓடக்கூடியவை. கை அசைந்தால் போதும். அவற்றில் ஒன்றைப் பையோடு தூக்கி மேசையில் வைத்ததும், எத்தனையோ காலமாக நின்றிருந்தது டிக் டிக் என்று ஓட ஆரம்பிக்கும். கட்டியிருந்த மனிதர் செத்து எலும்பாகியிருப்பார். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தச் சத்தம் அடங்கும்வரை தட்டச்சுப் பலகையில் கை வைக்க மாட்டேன். ஏர்கான் குளிரில் பச்சை எழுத்து மினுங்கிக்கொண்டிருக்க, அலமாரிகளுக்கு நடுவே எங்கிருந்தோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். சார்ஜண்ட் ரேடியோவைப் போட்டுவிடுவார்.

கம்ப்யூட்டரில் ஒரு விதி இருந்தது. மூடிய பொருள் எதுவாக இருந்தாலும், பை, டப்பா, பர்ஸ், பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. கீங் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அந்தக் கட்டத்திலேயே கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். முன்பு யாரோ ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வைத்துவிட, உள்ளே இருந்தது அழுகி மாடி முழுக்க நாறியதாம். அதனால் இந்த விதி. நல்ல விதிதான். எனக்கே பிடித்திருந்தது.

ஒரு நாள் கான்ஸ்டபிள் ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய கடலில், பல வருடங்களுக்கு முன்பு கிடைத்த ஓர் ஆண் பிணத்தோடு வந்த பொருட்கள். பின்மண்டையில் பலமான அடி. கொலை வழக்கு, ஆனால் செத்தது யார் என்றே தெரியவில்லை. தண்ணீரில் அதிக நாள் கிடந்ததால் முகமும் இல்லை, ரேகை எடுக்க விரலும் இல்லை. ஒருவரும் கேட்டு வராததால் அரசாங்கமே புதைத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு கால்சட்டை, ஒரு பெல்ட், கறுப்பு அரைஞாண் கயிறு ஒன்று. கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து, ஒரு முனையில் அரக்கு வைத்து மூடியது.

கால்சட்டை ஏறியது. பெல்ட் ஏறியது. தாயத்தை ஏற்றினேன். கீங் என்றது. உள்ளே என்ன?

நான் கையை எடுத்துவிட்டேன். சார்ஜண்ட் எட்டிப் பார்த்து, "திறந்து பார்த்து எழுது லா" என்றார். தாயத்தைத் திறக்கக் கூடாது என்றேன். ஏன் என்றார். கூடாது என்றால் கூடாது. "அப்படியானால் நீங்களே திறந்து பாருங்கள்" என்று பையை அவர் பக்கம் தள்ளினேன். அவர் சட்டைக்குள் கை விட்டு, கழுத்தில் தொங்கிய தன்னுடைய கோவில் தகட்டைத் தொட்டுக்கொண்டு, கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் ஓரடி பின்னால் போனார். "பந்தாங் லா, பந்தாங்" என்றார். செய்யக் கூடாத காரியத்துக்கு மலாயில் சொல்வது. சிங்கப்பூரில் அந்தச் சொல் தெரியாத வீடு கிடையாது. எதையும் நம்பாதவள் நான், என் கழுத்திலோ மாதா உத்தரியம். மூன்று மதக்காரர்களும் சேர்ந்து ஒரு சுண்டுவிரல் அளவுத் தாயத்துக்குப் பயந்துகொண்டு நின்றோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, மேலதிகாரிகூட ஒரு பொருளை விட்டுப்பிடிக்கலாம் என்றார், கம்ப்யூட்டர் விடவில்லை. அரைகுறைப் பதிவு என்று அதைத் தனியாக வைத்துக்கொண்டு, தினமும் காலையில் திரையில் முதல் வரியாகக் காட்டியது.

இதற்கிடையில் ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில், கான்ஸ்டபிள் தாயத்தைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஏதோ உருளுகிறது என்று எங்களிடம் வந்து சத்தியம் செய்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. விளையாட்டுக்குச் சொல்கிற ஆளும் இல்லை.

அடுத்ததாக, காணாமல் போனவர்களைப் பற்றிய பழைய புகார்களும் என் மேசைக்கு வந்தன. அவற்றையும் ஏற்றி முடித்ததும், சார்ஜண்ட் அடையாளம் தெரியாத பிணங்களின் பொருட்களையும் புகார்களையும் ஒத்துப் பார்க்கச் சொன்னார். தாயத்துக்கு நான் போட்டிருந்த ஆங்கிலச் சொல்லைத் தட்டித் தேடினேன். திரையில் இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. மேல் வரி துறைமுகத்துத் தாயத்து. கீழ் வரி, புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தாய் கொடுத்த புகார்: மகன், இடுப்பில் கறுப்புக் கயிறு, வெள்ளித் தாயத்து. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன். ஊரின் இரு மூலைகளில் எழுதிய இரண்டு காகிதங்கள். இத்தனை வருடமும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. அந்தப் பச்சை வரிகளைப் பார்த்ததும் எனக்குக் குளிரில் பல் கிட்டியது.

தேதிகள் பொருந்தின. ஆனால் அப்படிப்பட்ட தாயத்து, நம்மவர் கடைகள் இருக்கும் தேக்காவில் எந்த நகைக் கடையில் கேட்டாலும் கிடைக்கும். உள்ளே இருப்பதுதான் சொல்ல வேண்டும். "நீ தமிழ்ப் பெண், நீயே போய்ப் பேசு" என்று சார்ஜண்ட் என்னை அனுப்பினார்.

புக்கிட் பாஞ்சாங்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் தரைக்கு அடுத்த மாடி. புகார் கொடுத்த அந்தத் தாய், கணவர் இறந்து, தனியாக இருந்தார். என்னைவிடப் பெரியவர், பள்ளிக்கூட கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற வேலை. அதே வட்டாரத்தில் இருந்த கம்பத்துக் குடிசையிலிருந்து இங்கே மாற்றியபோது, மகன் வந்தால் தேடுவானே என்று தேக்கா சந்தையில் பூக்கடை, மீன் கடை, சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக் கடை என்று ஒவ்வொன்றிலும் புது முகவரியைச் சொல்லி வைத்துவிட்டு வந்தாராம். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"தாயத்துக்குள்ள என்னக்கா வெச்சிருந்தீங்க?"

"எல்லாப் புள்ளைக்கும் வெக்கிறதுதான். அவன் தொப்புள்கொடி. காஞ்சு விழுந்ததும், என் கூறைப்பொடவயில ஒரு துண்டு கிழிச்சு, அதுல சுத்தி வெச்சேன். செவப்புத் துண்டு."

"அப்ப நல்லதாப் போச்சு. தொறந்து பாத்தா தெரிஞ்சுடும். அது இருந்தா ஒங்க புள்ள. வேற எதுவும் இருந்தா வேற யாரோ."

அவர் முகம் கல்லாகிவிட்டது. "தொறக்க வேணாம், தங்கச்சி."

"தொறக்காம எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம். எம்புள்ள கப்பல்ல இருக்கான்."

கெஞ்சினேன், நியாயம் பேசினேன். அவர் திரும்பத் திரும்ப, மைலோ ஆறுது, குடிங்க என்றார். எனக்குப் பொறுமை கொஞ்சம், அதுவும் போய்விட்டது. "அக்கா, நீங்க தொறக்காட்டியும் அவன் எங்க இருக்கானோ அங்கதான் இருப்பான்" என்று சொல்லிவிட்டேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது, போகிற போக்கில், சும்மா வாய் இருக்காமல், "உள்ள என்னமோ உருளுதாம். எங்க ஆளு காதுல வெச்சுக் கேட்டிருக்காரு" என்றேன்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாவா? உள்ள இருக்கா? நல்லாக் கேட்டாரா?"

"சத்தியம் பண்றாரு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவேயில்லை. கொடி உள்ளே இருக்கிறது என்றால் மகன் செத்துவிட்டான் என்று அர்த்தம். அதை இப்போதுதான் சொல்லி முடித்தேன். அதற்குச் சிரிக்கிற தாயை நான் பார்த்ததில்லை. "அப்ப வர்றேன். வேற யாரும் தொடக் கூடாது, நானே தொறக்கிறேன்" என்றார். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த முகம் என் முன்னாலேயே இருந்தது. பாவம், வருத்தத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு மந்திரித்த தண்ணீரைக் கேலி செய்யாமலே தெளித்துக்கொண்டேன்.

சொன்னபடி வந்தார். நல்ல வெயில் நேரம், ஆனாலும் எங்கள் அறையில் குளிர். கூறைப் புடவையோ என்னவோ, பழைய பட்டு ஒன்று உடுத்தி, தலையில் பூ வைத்திருந்தார். சார்ஜண்ட் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பையைப் பிரித்து, தாயத்தை அதன்மேல் வைத்தார். கான்ஸ்டபிள் கதவருகே நின்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். நான் திரைக்கு முன்னால். உள்ளே என்ன என்ற கட்டம் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவர் உடனே எடுக்கவில்லை. கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டார். பிறகு கொண்டையிலிருந்து ஊசியை உருவி, தாயத்தின் மூடிய முனையைத் தேடாமலே தொட்டு, அரக்கின் ஓரத்தில் ஊசியை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். அரக்கு ஒரே வில்லையாக வந்தது. தாயத்தைத் தாளின்மேல் கவிழ்த்துத் தட்டினார்.

ஒன்றும் விழவில்லை.

மறுபடி தட்டினார். ஊசியை உள்ளே விட்டுச் சுற்றும் சுரண்டினார். ஒரு நூல் இல்லை, ஒரு தூசி இல்லை. சார்ஜண்ட் டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளி உள்ளே பளபளவென்று இருந்தது. "கோசோங்" என்றார். காலி என்பதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் மலாய்ச் சொல். கான்ஸ்டபிள் ஓடிவந்து பார்த்துவிட்டு, நான் கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன் என்று முணுமுணுத்தார். அன்று அவர் கேட்டது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் அந்த நிமிடம் எனக்கு அதைப் பற்றியெல்லாம் கவலையில்லை. அப்படி ஒரு சந்தோஷம். கொடியும் இல்லை, சிவப்புத் துண்டும் இல்லை. இவர் மகன் இல்லை. கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். இத்தனை நாள் அடம்பிடித்த கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. "அக்கா, ஒங்க புள்ள இல்லக்கா! நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றேன். சார்ஜண்ட் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அவர் எழுந்தார். கதவு வரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, தாயத்தை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"இது அவனோடதுதான், தங்கச்சி."

"எப்படிக்கா? உள்ளதான் ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாததாலதான் சொல்றேன்."

நடக்கத் தொடங்கிய வயதில் மகனுக்கு வலிப்புக் காய்ச்சல் வந்திருக்கிறது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். கம்பத்தில் வண்டி கிடையாது, வெளியே கொட்டும் மழை. பிள்ளைக்கு நீலம் பாய்ந்துவிட்டது. கொடியை இழைத்துக் கொடுத்தால் போகிற உயிர் திரும்பும் என்று ஊரில் கேட்டிருந்தாராம். தாயத்தைத் திறந்து, கொடியை எடுத்துக் கல்லில் தேனோடு இழைத்து, நாக்கில் தடவியிருக்கிறார். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

"பெத்தவளே புள்ளையோட காவல எடுத்துட்டாள்னு பேசுவாங்கன்னு பயம். யாருக்கும் சொல்லல. வெறும் தாயத்துக்கு நானே அரக்கு வெச்சு மூடி, மறுபடி கட்டிட்டேன். அவனுக்கும் தெரியாது, அவங்கப்பாவுக்கும் தெரியாது. உள்ள காலின்னு தெரிஞ்சது எனக்கு ஒருத்திக்குத்தான்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. உள்ளே ஏதோ உருளுகிறது என்று நான் சொன்னேன். ஏதாவது இருந்தால் அது வேறு யாரோ பெற்ற பிள்ளை.

"ஏதாச்சும் விழணும், ஏதாச்சும் விழணும்னு கும்பிட்டுக்கிட்டே தட்டினேன். ஒரு மண்ணாவது விழக் கூடாதா?"

"வாசல் வரைக்கும் போயிட்டீங்களேக்கா. அப்படியே போயிருந்தா..."

"போயிருப்பேன். கால் அதுபாட்டுக்குப் போச்சு. ஆனா, இவன யாருமில்லாதவன்னு எழுதிடுவீங்கள்ல?"

சார்ஜண்ட், அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அறையில் அத்தனை வருடம் எதற்கும் அழாதவள், அதிகாரிகள் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அவர் அழவில்லை. தாயத்தின் கயிற்றை நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வெச்சிருக்கீங்க எம்புள்ளய?"

திரையில் இருந்தது. சுவா சூ காங் கல்லறைத் தோட்டம் என்று படித்தேன். எரித்துக் கரைக்க வேண்டிய பிள்ளையைப் புதைத்திருக்கிறார்களே என்று கேட்பார் என நினைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"சுவா சூ காங்கா?" என்றார். "அங்க போற பஸ் எங்க புளோக்குக்கு முன்னாடிதான் நிக்கும். தெனம் காலைல அது போகட்டும், என் வேலைக்குப் போற பஸ்ஸு அடுத்து வரும்னு நின்னுக்கிட்டிருப்பேன்."